வெந்நீர்க் குடத்துக்கு ஒரு கட்டியம்

முன்னொரு காலத்தில், ஆற்றுத் தண்ணீரை மேற்கே இருந்த பக்கத்து நாட்டிடம் கேட்டு வாங்கிப் பயிர் செய்த ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மன்னருக்கு நேரத்துக்கு வெற்றிலை வேண்டும், மத்தியானத்தில் தூக்கம் வேண்டும், சாயங்காலத்தில் சிரிப்பு வேண்டும். வெற்றிலை மடிக்கவும் விசிறி வீசவும் ஆட்கள் நிறைய இருந்தார்கள். சிரிக்க வைக்க ஒரே ஆள். அவன் பெயர் சாத்தப்பன்.

சாத்தப்பனுக்கு வயது முப்பது ஆகவில்லை. தை மாதத்தில் அவன் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அவன் தினமும் சபைக்கு வந்தான். தன் தூண் பக்கத்தில் நின்றான். யாரும் சிரிக்கும்படி ஒன்றும் சொல்லவில்லை. மன்னர் பொறுத்துக்கொண்டார்.

பிரதானி தாண்டவராயர் பொறுத்துக்கொள்ளவில்லை. பிரதானி என்றால் மந்திரிகளுக்கெல்லாம் தலைவர். அவருக்கு ஒரு மைத்துனன் இருந்தான். கழுதை மாதிரிக் கத்துவான். அது ஒன்றுதான் அவனுக்கு வரும். அவனை அரண்மனை விகடனாக்கி, விகடனுக்கென்று மன்னர் விட்டிருந்த வீட்டில் குடிவைத்துவிட வேண்டும் என்று தாண்டவராயர் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில்தான் சாத்தப்பன் மனைவியோடு வாழ்ந்தான். அவள் அரைத்த அம்மி அங்கே கிடந்தது. அவன் தெருமுனை திரும்பும்போதே செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, "வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். இப்போது கேட்க ஆளில்லை. ஆனாலும் வீடு இருந்தது. அவனுக்கென்று மிச்சம் இருந்தது அதுதான்.

இப்படி இருக்கையில் அரண்மனைக்கு ஒரு தலைவலி வந்தது. தலைவலியின் பெயர் அதிரூபன். எட்டு வயது இளவரசன்.

அவன்மேல் முழுக் குற்றமும் சொல்ல முடியாது. மன்னரின் பாட்டனார் காலத்தில் எதிரி நாட்டு ஒற்றன் ஒருவன் முனிவர் வேஷத்தில் வந்தானாம். பாட்டனார் எழுந்து, கும்பிட்டு, காலையும் கழுவிவிட்டாராம். பிறகு ஊரே சிரித்தது. வெட்கம் தாங்காமல் அவர் ஒரு சட்டம் போட்டார். அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர் தாண்டவராயர். அதன்படி, கட்டியம் கூறப்படாத எவருக்கும் அரச குலத்தார் எழுந்திருக்கக் கூடாது; "வாருங்கள்" என்று சொல்லக் கூடாது. கட்டியம் என்றால், பெரிய மனிதர் ஒருவர் வரும்போது கட்டியக்காரர் வெள்ளிப் பிரம்போடு முன்னால் நின்று, அவருடைய பெயரையும் பட்டங்களையும் உரக்கச் சொல்லி, "பராக்! பராக்!" என்று முழங்குவது.

இளவரசன் சட்டத்தை நன்றாகவே பிடித்துக்கொண்டான். பாடம் சொல்ல வந்த புலவரை "என்னடா ஓலை?" என்று கேட்டான். குளிக்க வெந்நீர் சுமந்து வரும் பேச்சியை "ஏய்" என்றான். தாம்பூலத் தட்டைக் காலால் தள்ளினான். கேட்டால், "அவங்களுக்குக் கட்டியம் கிடையாதே!" என்றான்.

கடைசியில், மேற்கு நாட்டுத் தூதர் வந்த அன்று கட்டியக்காரர் மருதப்பன் சாப்பிடப் போயிருந்தார். தூதர் வாசலில் நின்றார். ஊஞ்சலில் படுத்திருந்த இளவரசன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"யாருடா நீ? வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லு."

தூதர் தள்ளித்தான் நின்றார். தன் நாடு வரைக்கும் தள்ளிப் போய்விட்டார். அடுத்த வாரம் ஓலை வந்தது. மேற்கு நாட்டு அரசியே நேரில் வரப்போகிறார். இந்த அரண்மனைப் பிள்ளை எப்படி வளர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இந்த வருஷம் கால்வாய் மதகைத் திறப்பதா வேண்டாமா என்று சொல்வாராம்.

மன்னர் சபையைக் கூட்டினார். வெற்றிலையைக்கூட மறந்துவிட்டார்.

"அரசியார் வருவதற்குள் என் மகன் மரியாதை கற்றாக வேண்டும். யார் கற்பிக்கிறீர்கள்?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தாண்டவராயர் எழுந்தார்.

"அரசே, நம் விகடர் இருக்கும்போது வேறு யார்? பல மாதமாக ஓய்வாகத்தான் இருக்கிறார். ஆனால் சில முறைகள் உண்டு. இளவரசரை அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. புத்திமதியும் கூடாது, ஒரு விகடனிடம் புத்தி கேட்டு வளர்ந்த குலம் என்று பெயர் வரலாமா? தங்கள் பாட்டனாரின் சட்டத்தில் ஒரு மயிரிழையும் தவறக் கூடாது. அரசியார் வரும் நாளில் சாத்தப்பர் சபையில் வாய் திறக்கவும் கூடாது. பக்கத்தில் நின்று இவர் சொல்லிக்கொடுத்தால் அது யாருடைய மரியாதை?"

"முடியாவிட்டால்?" என்றார் மன்னர்.

"முடியாவிட்டால் அந்த வீட்டுக்கு வேறு ஆள் வரட்டும்."

பின்வரிசையில் மைத்துனன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

மன்னர் சாத்தப்பனைப் பார்த்தார். "என்ன சொல்கிறாய், சாத்தப்பா?"

சாத்தப்பன் அம்மியை நினைத்தான். "செய்கிறேன், அரசே. பிரதானியார் அந்தச் சட்டத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லட்டும்."

தாண்டவராயருக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "கட்டியம் கூறப்படாதவருக்கு அரச குலத்தார் எழக் கூடாது, வாருங்கள் எனக் கூடாது. கட்டியம் கூறப்பட்டவர் எவராயினும், அரச குலத்தார் எழுந்து நின்று வாருங்கள் என்றே ஆக வேண்டும்."

"போதும்" என்றான் சாத்தப்பன்.

மறுநாள் விடியற்காலையில் அவன் கட்டியக்காரர் மருதப்பனின் வீட்டு வாசலில் நின்றான். மருதப்பனுக்குக் குரல் இடி மாதிரி. மனசு பஞ்சு மாதிரி.

"பேச்சிக்குக் கட்டியமா? எந்தப் பேச்சி? வெந்நீர்க்காரியா?" மருதப்பன் வாயைப் பிளந்தார். "தம்பி, உனக்கு உடம்பு சரியில்லையா?"

"பேச்சிக்குக் கூறக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயாவது இருக்கா அண்ணே?"

மருதப்பன் யோசித்தார். "இல்லதான். ஆனா அவளுக்கு என்ன பட்டம் இருக்கு? என்னத்தைச் சொல்லி முழங்குறது?"

"பட்டம் இல்லாட்டிப் போகுது. இன்னைக்கு என்ன செஞ்சாளோ, அதைச் சொல்லுங்க."

இளவரசன் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பேச்சி இடுப்பில் குடத்தோடு வந்தாள். கதவருகே வெள்ளிப் பிரம்பு தரையில் இடித்தது.

"கோழி கூவுமுன் எழுந்து, ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து, புகையில் கண் சிவந்து, இளவரசர் குளிக்க வெந்நீர் சுமந்து, பேச்சியம்மாள் வருகிறார்! பராக்! பராக்!"

குடம் கை நழுவிப் பாதி தண்ணீர் கொட்டிவிட்டது.

"ஐயோ சாமி!" என்றாள் பேச்சி. "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

இளவரசன் சாத்தப்பனைப் பார்த்தான். மருதப்பனைப் பார்த்தான். பிறகு ஆள் அனுப்பித் தாண்டவராயரை வரவழைத்தான். "பிரதானி, இவளுக்கு நான் எழுந்திருக்கணுமா?"

தாண்டவராயர் மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்றால் சட்டம் போச்சு. நேற்றுத்தான் மன்னர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்திருந்தார்.

"எழுந்திருக்கத்தான் வேண்டும், இளவரசே" என்றார், வேப்பங்கொழுந்தை மென்றவர் மாதிரி.

இளவரசன் எழுந்தான். எண்ணெய் வழுக்கி விழப் பார்த்து, முக்காலியைப் பிடித்துக்கொண்டான். "வாங்க, பேச்சி" என்றான். அப்படிச் சொன்ன வாயைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டான்.

அது தொடக்கம். அடுத்து வாசல் பெருக்குகிறவர் வந்தார். தலைவாரிவிடும் பெண் வந்தாள். புலவர் வந்தார். விளக்குத் துடைக்கிறவர் வந்தார். ஒவ்வொருவருக்கும் கட்டியம். ஒவ்வொரு கட்டியத்துக்கும் ஓர் எழுந்திருத்தல், ஒரு "வாங்க". நாவிதர் வரும்போது அங்கே மன்னரும் இருந்தார். சட்டம் அவருக்கும் சேர்த்துத்தானே? தொந்தியைத் தூக்கிக்கொண்டு அவரும் எழுந்தார்.

"இது எத்தனை நாளைக்கு, சாத்தப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தங்கள் பாட்டனார் நாள் குறிக்கவில்லை, அரசே."

பொழுது ஏற ஏற இளவரசனுக்குக் கால் வலித்தது. "யாரும் என் பக்கத்துல வரக் கூடாது!" என்று கத்திவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

யாரும் வரவில்லை. விசிறி வரவில்லை. தண்ணீர் வரவில்லை. மத்தியானம் ஆனது, சோறு வரவில்லை. இளவரசன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். வாசலில் சாத்தப்பன் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றான்.

"பசிக்குது."

"கொண்டு வந்தால் கட்டியம் கூற வேண்டும். கூறினால் நீங்கள் எழ வேண்டும். நீங்கள்தான் யாரும் வரக் கூடாது என்றீர்கள்."

"அப்ப நானே போறேன், போடா!"

கோபித்துக்கொண்டு அவனே மடைப்பள்ளிக்கு நடந்தான். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் போனதில்லை. அங்கே பேச்சி சாம்பலைப் போட்டு ஓர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்டாவுக்குள் அவள் பாதி உடம்பு இருந்தது. கால் மட்டும் வெளியே தெரிந்தது.

இளவரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள என்ன பண்றீங்க?"

"அடிப்பிடிச்ச பாயசத்தைச் சுரண்டுறேன் ராசா. நேத்து நீங்க வேண்டாம்னு தள்ளிவிட்டீங்கல்ல, அந்தப் பாயசம்."

இளவரசன் சிரிப்பை நிறுத்தினான். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"காலைல இருந்து இதேதானா?"

"காலைல வெந்நீர். அப்புறம் அரிசி களைஞ்சேன். அப்புறம் இது. மருதப்பர் அதையெல்லாம் விட்டுட்டாரே! கட்டியத்துல பாதிதான் சொன்னாரு!" என்று அண்டாவுக்குள்ளிருந்து சிரித்தாள். அவளுக்கும் கட்டியத்தின் ருசி தெரிந்துவிட்டது.

இளவரசன் திரும்பி ஓடினான். மருதப்பனின் பிரம்பைப் பிடித்து இழுத்தான். "தாங்க. நான் சொல்றேன். நீங்க பாதியை விட்டுட்டீங்க."

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சிக்கு முழுக் கட்டியமும் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவனை யாரும் எதுவும் செய்யச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரம்பு அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. ஆனால் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் கட்டியம் கூற முடியாதே. அதனால் காலையில் எழுந்ததும் அரண்மனையை ஒரு சுற்றுச் சுற்றுவான். லாயம், தோட்டம், மடைப்பள்ளி, யானைக் கொட்டில். "நீங்க இன்னைக்கு என்ன செஞ்சீங்க?" என்று நின்று கேட்பான். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நகர மாட்டான். நடுவில் பேசவும் மாட்டான். பேசினால் ஏதாவது விட்டுப்போகும். "டேய்" எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வேலைக்காரர் குதிரைக்குக் கஷாயம் கொடுத்ததை இவ்வளவு நேரம் நின்று கேட்ட பிறகு அவரை எப்படி "டேய்" என்பது?

ஒருநாள் சாத்தப்பனிடமும் வந்தான். "சாத்தப்பரே, நீங்க இன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

சாத்தப்பன் யோசித்தான். சொல்ல ஒன்றும் இல்லை. "எழுந்தேன். குளித்தேன். வந்தேன்."

இளவரசன் சிரிக்கவில்லை. பிரம்பை இடித்தான். "எழுந்து, குளித்து, நடந்து, சாத்தப்பர் வந்திருக்கிறார்! பராக்! பராக்!" என்று கூறிவிட்டு, "வாங்க" என்றான்.

சாத்தப்பன் தூண் பக்கம் திரும்பிக்கொண்டான். தை மாதத்திலிருந்து அவன் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் ஒரு வேலையாக யாரும் எண்ணியதில்லை, அவன்கூட.

இதையெல்லாம் தாண்டவராயர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளை கட்டியம் கேட்டால்தானே எழுவான்? கேட்காவிட்டால்? சட்டப்படி உட்கார்ந்தே இருப்பான். அரசியார் வந்த காலோடு திரும்பிவிடுவார். சாத்தப்பன் வாய் திறக்கவும் முடியாது.

அரசியார் வருவதற்கு முந்தின நாள், மருதப்பனுக்கும் அவருடைய உதவிக் கட்டியக்காரர்களுக்கும் பிரதானியின் வீட்டிலிருந்து ஒரு கூடை நிறைய நெய் அதிரசம் போனது. அதன் மேலே குடிக்க, ஈரமணலில் புதைத்துச் சில்லிட்டிருந்த பானகம், குடம் குடமாக. நெய்ப் பலகாரத்தின் மேல் சில்லென்று எதையும் குடித்தால் தொண்டை கட்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருதப்பனுக்கும் தெரியும். ஆனால் அதிரசத்தைக் கண்டால் அவருக்கு வேறெதுவும் தெரியாது.

மறுநாள் சபை நிரம்பியது. மன்னர் அரியணையில். பக்கத்தில் சின்ன ஆசனத்தில் இளவரசன், கால் தரையில் எட்டாமல். வாசலில் சங்கு ஊதியது. அரசியார் படியேறி வந்து நிலைவாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையால் பணிப்பெண்ணின் தோளைப் பிடித்திருந்தார்.

மருதப்பன் பிரம்பை இடித்தார். மார்பை விரித்தார். வாயைத் திறந்தார்.

காற்று வந்தது. அவ்வளவுதான்.

மறுபடி முயன்றார். துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். உதவிக்காரர்களைப் பார்த்தார். அவர்களும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மன்னரின் கை அரியணையை இறுக்கிற்று. எழ முடியாது. பாட்டனாரின் சட்டம். அரசியார் சபையைப் பார்த்தார். சபையில் ஒருவரும் அசையவில்லை. அவருடைய முகம் மெல்ல இறுகியது. தாண்டவராயர் மேல்துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

சாத்தப்பன் தூண் பக்கத்தில் நின்றான். வாய் திறக்கக் கூடாது. திறந்தாலும் வீடு போகும், திறக்காவிட்டாலும் போகும். அம்மியை ஒரு வண்டியில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தான். அந்த வாசலை ஏற்ற முடியாது.

அரசியார் திரும்பினார். ஓர் அடி எடுத்து வைத்தார்.

அப்போது சின்ன ஆசனத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மெல்லிய குரல்தான். ஆனால் முறை தவறாத குரல்.

"வெயிலில் வெகுதூரம் பயணம் செய்து, முழங்கால் வலியோடு நம்ம வீட்டுப் படியெல்லாம் ஏறி, பாதி வழியில் நம்ம வீட்டார் யாரும் கை கொடுக்காவிட்டாலும் நிற்காமல் வந்து, மேற்கு நாட்டு அரசியார் வந்திருக்கிறார்! பராக்! பராக்!"

உட்கார்ந்தபடியே கூறி முடித்தான். கட்டியம் முடிந்தபின்தானே எழ வேண்டும்? பிறகு குதித்து இறங்கி, ஓடிப்போய், அரசியாரின் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க அம்மா. உட்காருங்க. இடது கால்தானே ரொம்ப வலிக்குது?"

மன்னர் எழுந்தார். சபையே எழுந்தது. மன்னர் விட்ட பெருமூச்சில் பக்கத்து விளக்கு ஒன்று அணைந்தே போனது.

அரசியார் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். "இடது கால்தான். உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நீங்க நடக்கும்போது பார்த்தேன்."

"என் பட்டங்களைச் சொல்லி முடிக்க எங்கள் கட்டியக்காரருக்கு அரை நாழிகை ஆகும்" என்றார் அரசியார். "அதில் ஒருவரிகூட இந்தக் காலைப் பற்றி இல்லை." அவர் உட்கார்ந்தார். இளவரசன் உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பணிப்பெண்ணுக்கும், தோள் காய்த்துப்போன பல்லக்குக்காரர்களுக்கும் தனித்தனியாகக் கட்டியம் கூறி, ஒவ்வொருவரையும் "வாங்க" என்றான்.

"மதகு நாளைக்கே திறக்கும்" என்றார் அரசியார்.

இந்த நேரத்தில் தாண்டவராயர் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் புகழ் கிடைக்கிற இடத்தில் அவருக்கு நிற்கத் தெரியாது. "பிள்ளைக்கு முறைகள் எல்லாம் அடியேன் கற்பித்ததுதான்" என்று கும்பிட்டுக்கொண்டே முன்னால் வந்தார்.

இளவரசன் நிமிர்ந்தான். முன்னால் வருகிறவரைக் கட்டியம் இல்லாமல் விட முடியுமா? அவரைப் பற்றியும் காலையிலேயே மடைப்பள்ளியில் கேட்டு வைத்திருந்தான்.

"நேற்று மருதப்பருக்குக் கூடை நிறைய நெய் அதிரசம் கொடுத்தனுப்பி, அதன்மேல் சில்லிட்ட பானகமும் கொடுத்தனுப்பி, 'குடித்துத் தீர்க்கும்வரை பக்கத்திலேயே நில்' என்று பேச்சியம்மாளிடம் சொல்லியனுப்பிய பிரதானி தாண்டவராயர் வருகிறார்! பராக்! பராக்!" என்று முழங்கிவிட்டு, மரியாதையாக, "வாங்க" என்றான்.

தாண்டவராயர் வந்த இடத்திலேயே நின்றார். மருதப்பன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூடையை நினைத்துப் பார்த்தார். பேச முடியாதவர் பிரம்பால் தரையை ஓர் இடி இடித்தார். அதிலேயே எல்லாம் இருந்தது.

மன்னருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அரசியார் சிரித்தார். பல்லக்குக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டு உற்சாகமாகிப் பின்வரிசையில் மைத்துனன் ஒருமுறை கழுதை மாதிரிக் கத்திப் பார்த்தான். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

"சாத்தப்பா, இப்போது நீ வாய் திறக்கலாம்" என்றார் மன்னர். "இவருக்கு என்ன தண்டனை?"

"தண்டனை வேண்டாம், அரசே. மருதப்பர் அண்ணனுக்குத் தொண்டை தேறும்வரை அந்தப் பிரம்பைப் பிரதானியார் பிடிக்கட்டும். அரண்மனைக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் கட்டியம் கூறட்டும். பேச்சியம்மாளுக்கு முதலில். ஒன்றையும் விடாமல்."

மன்னர் மறுபடி சிரித்தார். "உனக்கு என்ன வேண்டும்?"

"அந்த வீடு, அரசே."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

மன்னர் அந்த வீட்டை என்றைக்கும் அவனுக்கே என்று எழுதிக் கொடுத்தார். பட்டும் பொன்னும் அவன் கேட்காமலே வந்தன. சாயங்காலம் அவனைப் பல்லக்கில் அனுப்பப் பார்த்தார்கள். நடந்தே போகிறேன் என்றான். அப்படியானால் நானும் வருகிறேன் என்று இளவரசன் பிரம்போடு முன்னால் நடந்தான். பின்னால் மன்னரே, இன்னும் சிரிப்பு அடங்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார்.

தெருமுனை திரும்பியதும் சாத்தப்பனின் கால் வழக்கம்போலத் தயங்கியது. வீடு சாத்தியிருந்தது. இளவரசன் கதவுக்கு நேரே போய் நின்று பிரம்பை இடித்தான்.

"காலையில் எழுந்து, நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு நின்று, சொந்த வீட்டுக்குச் சாத்தப்பர் வந்தாச்சு! பராக்! பராக்!"

தெரு முழுக்கக் கேட்டது. வீட்டுக்குள்ளும் கேட்டிருக்கும். சாத்தப்பன் செருப்பைக் கழற்றினான். தை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, "வாங்க" என்று இருவரையும் உள்ளே அழைத்தான்.